கொலுசுக் கூலியும் வரிப் பிடித்தமும்

கேள்வி: அம்மாபேட்டையில் எங்கள் மகளிர் குழுவும் பக்கத்துக் கல்லூரியின் வணிகவியல் துறையும் சேர்ந்து, கொலுசு வேலை செய்பவர்களுக்கு இலவசமாக வரி ரிட்டர்ன் போட்டுத்தர நினைக்கிறோம். கூலியில் ஒரு சதவீதம் பிடிக்கிறார்கள். அது திரும்பக் கிடைக்குமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- வாசகி, சேலம்

பதில்: கிடைக்கும், ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான். ஜாப் ஒர்க் (பிறர் தரும் பொருளை வாங்கிச் செய்துகொடுக்கும் வேலை) கூலி ஒரே தடவையில் 30,000 ரூபாயையோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தையோ தாண்டும்போது பிடிக்கிற டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) இது. பான் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் போய்விடும். ஆண்டுக்கு 3,60,000 கூலி வாங்குபவருக்குப் பிடித்தம் 3,600. வேறு வருமானம் இல்லையென்றால் 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி 4 லட்சம் வரை வரியே இல்லை. முழுத் தொகையும் ரீஃபண்டாக வரவேண்டியதுதான்.

கூலி என்றதும் சம்பளம் என்று நினைத்து, சம்பளம், பென்ஷன் வாங்குவோருக்கான ஐ.டி.ஆர்-1 படிவத்தைப் போட்டுவிடுவார்கள். இது தொழில் வருமானம், படிவம் ஐ.டி.ஆர்-4. ஆளை உட்கார வைத்ததும் 26ஏஎஸ் (அவர் பானில் பதிவான வரிப் பிடித்தப் பட்டியல்) எடுத்துப் பாருங்கள். 194சி (ஒப்பந்த வேலைக் கூலிக்கான பிரிவு) என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிடித்த தொகை அதில் இல்லையென்றால், பிடித்தவர் இன்னும் கணக்குக் காட்டவில்லை. முதலில் அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 1969 முதல் நடக்கும் 'வீட்டா' இலவச வரி ரிட்டர்ன் உதவித் திட்டத்தில், தேர்வில் தேறியவர்தான் படிவம் தொடலாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்பலாம். இந்த இரண்டாவது மேஜையை நீங்களும் போடுங்கள். மாணவர் நிரப்பட்டும், ஆடிட்டரோ ஆசிரியரோ சரிபார்க்கட்டும். ரீஃபண்டைக் கூட்டிக் காட்டப் பொய்க் கழிவு சேர்ப்பவரை அந்த மேஜை பிடித்துவிடும்.

பெரிய தலைவலி வேறொன்று. அவசரத்தில் மாணவர் தன் செல் நம்பரையும் மெயிலையும் வருமான வரி போர்ட்டலில் பதிந்துவிடுவார். நோட்டீஸ் அவருக்குப் போகும். அடுத்த வருஷம் உரியவரால் உள்ளேயே நுழைய முடியாது. நம்பர் உரியவருடையதாகவே இருக்கட்டும். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள், நகல் வைக்காதீர்கள். ஆதாரில் இருப்பது பழைய நம்பர் என்றால் ஓ.டி.பி. வராது, முகாமுக்கு முன்பே ஆதார் மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். எழுந்து போவதற்குள் இ-வெரிஃபை (போட்ட ரிட்டர்னை ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்வது) முடியவேண்டும். 30 நாளுக்குள் செய்யாவிட்டால், வெரிஃபை செய்யும் நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாளாகிவிடும், கெடுவும் தவறலாம்.

பணம் வர, அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கைப் போர்ட்டலில் சரிபார்த்திருக்க வேண்டும். பான் அட்டையில் இனிஷியல் விரிந்தும் பாஸ்புக்கில் சுருங்கியும் இருந்தால் இங்கேதான் மாட்டும். குழுக் கணக்கு ஆகாது. தாமதமானாலும் டிசம்பர் 31 வரை போடலாம்.

கேள்வி: என் பென்ஷனுக்கும் எங்கள் காபித் தோட்டத்துக்கும் சேர்த்து ஐ.டி.ஆர்-1 போடலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் கூடாது. காபியைப் பழமாகவே விற்றால் முழுக்க விவசாய வருமானம், ஐ.டி.ஆர்-2. க்யூரிங் செய்து (பதப்படுத்திக் கொட்டையாக்கி) விற்றால் அதில் 25 சதவீதம் தொழில் வருமானம், அப்போது ஐ.டி.ஆர்-3.