மாமனார் காரில் ஹாம் ரேடியோ

கேள்வி: ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. காரில் வைத்துப் பேசும் 50 வாட் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) ரேடியோ செட் ஒன்று பழையதாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். கார் என் மாமனாருடையது. சனி, ஞாயிறுதான் என் கைக்கு வரும். “ஒரு துளை போடக்கூடாது, திங்கட்கிழமை ரேடியோ இருந்த சுவடே தெரியக்கூடாது” என்கிறார். எப்படி மாட்டுவது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் மாமனார் பக்கமும் நியாயம் இருக்கிறது தம்பி. எனக்கு மாப்பிள்ளை வந்தபோது நானும் காரைக் கொடுக்க யோசித்தவன்தான்.

கழற்றி மாட்டும் செட் என்றதும் எல்லாவற்றையும் வாராவாரம் கழற்ற வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கெடுகிறது. ரேடியோ வந்துபோகிற விருந்தாளி. கரண்ட் வயர் வீட்டு ஆள். அதை ஒருமுறை ஒழுங்காக இழுத்து, தரைவிரிப்புக்கடியில் படுக்க வைத்துவிடுங்கள். அது மாமனார் கண்ணில் படாது. ஆனால் இழுப்பதற்கு முன் ஒரு வார்த்தை அவரிடம் கேட்டுவிடுங்கள், பின்னால் கண்டுபிடித்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

சிகரெட் லைட்டர் சாக்கெட் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று தோன்றும். வேண்டாம். 50 வாட்டில் பேசும்போது செட் 10, 12 ஆம்பியர் இழுக்கும். பல கார்களில் அந்த சாக்கெட்டின் ஃபியூஸே 10 அல்லது 15 ஆம்பியர்தான். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் தொடர்பு அதைவிட மோசம், சூடேறி பிளக் இளகிவிடும். 5, 10 வாட்டில் மட்டும் பேசுவேன் என்றால் சரி, அதில் சொருகிக்கொள்ளுங்கள்.

முழு சக்தி வேண்டுமென்றால் நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சிவப்பும் கருப்பும். பேட்டரியிலிருந்து சீட்டுக்கடி வரை நாலு மீட்டர் என்று வையுங்கள். போக வர எட்டு மீட்டர். இந்த வயரில் 10 ஆம்பியருக்கு அரை வோல்ட்கூட விழாது. காசை மிச்சம் பிடிக்க 1.5 வயர் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் போய்விடும். நீங்கள் பேசப் பேச எதிர்முனையில் குரல் கரகரக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வர புதுத் துளை தேவையில்லை. ஏற்கெனவே வயர்க்கட்டு நுழைகிற ரப்பர் வளையம் இருக்கும், அதன் ஓரமாக நுழைக்கலாம். பழகிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

ஃபியூஸை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திற்குள் போடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பழைய ஃபியட்டில் செட்டுடன் வந்த வயரில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்று, பேட்டரி பக்கம் போடாமல் விட்டேன். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, சீட்டு நகரும் தண்டவாளம் வயரின் தோலை அறுத்துவிட்டது. கயத்தாறு தாண்டியதும் காலடியில் புகை. செட் பக்கம் இருந்த ஃபியூஸ் போகவே இல்லை. அது போகவும் போகாது, அறுந்த இடம் அதற்கு முன்னாலல்லவா இருக்கிறது! மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் நான், வெட்கக்கேடு. ஸ்பேனரைத் தேடி எடுத்து பேட்டரியைக் கழற்றுவதற்குள் தரைவிரிப்பில் ஓட்டை விழுந்துவிட்டது.

இன்னொன்று. இப்போதைய கார்கள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனைமேலேயே சின்னப் பெட்டி போல, பேட்டரியின் கரண்டை அளக்கும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் கருப்பு வயரை அந்த முனையில் கட்டாதீர்கள். நெகட்டிவ் கேபிள் பாடியில் போல்ட் ஆகும் இடத்தில் கட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இழுக்கும் கரண்ட் அதன் கணக்கில் வராது.

வயரின் சீட்டுக்கடி முனையில் எக்ஸ்டி60 என்ற மஞ்சள் கனெக்டர் போடுங்கள். ட்ரோன் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். பேட்டரி பக்கத்துக்கு ஊசி இல்லாமல் துளை மட்டும் உள்ள பெண் முனை. மாற்றிப் போட்டால், செட்டைக் கழற்றிய நாளில் கரண்டோடு ஊசி திறந்து கிடக்கும், சீட்டுக்கடியில் விழுந்த சாவிக்கொத்து பட்டாலும் பொறி பறக்கும்.

செட்டின் முகப்பு தனியே கழலுமானால் பாதி வேலை முடிந்தது. உடம்பை முன் சீட்டுக்கடியில் வைத்து, நாடாவால் சீட்டுச் சட்டத்தோடு இறுக்குங்கள். சும்மா வைக்காதீர்கள், திடீர் பிரேக்கில் ஒரு கிலோ இரும்பு காலை வந்து இடிக்கும். முகப்புக்கு நான் செய்த ஏற்பாடு: கப் ஹோல்டருக்குள் நிற்கும்படி 63 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு, அதைச் சுற்றி ஆட்டம் நிற்கும்வரை பழைய சைக்கிள் டியூப், தலையில் ஒரு பலகைத் துண்டு, அதன்மேல் முகப்பு. டாஷ்போர்டில் பயணி பக்கம் மட்டும் எதையும் வைத்துவிடாதீர்கள், அங்கே ஏர்பேக் இருக்கிறது. கண்ணாடியோரத் தூணுக்குள் வயர் விடுவதும் கூடாது, பல கார்களில் அதற்குள்ளும் ஒன்று மடங்கிக் கிடக்கும்.

ஆன்டெனாவுக்குக் காந்த அடிப்பாகம் போதும், கூரையின் நடுவில் வைத்தால் நாலு பக்கமும் சமமாகக் கேட்கும். கண்ணாடிக் கூரையாக இருந்தால் ஒட்டாது என்பது சொல்லாமலே தெரியும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலை நீளக் கம்பி ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். கொஞ்சம் நீளமாக விட்டு, எஸ்டபிள்யூஆர் மீட்டரை (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) பார்த்துப் பார்த்து இரண்டு மில்லிமீட்டராக நறுக்குங்கள். நறுக்கியதை ஒட்ட முடியாது. வைக்கும்முன் கூரையைத் துடையுங்கள், எடுக்கும்போது சாய்த்துத் தூக்குங்கள், இழுக்காதீர்கள். அடியில் மாட்டிய ஒரு மணல் போதும், மாமனார் கண்ணில் படுகிற கீறல் விழ. கேபிளைப் பின்கதவு ரப்பர் வழியாக உள்ளே விடும்போது, நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டுவிடுங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது.

கேள்வி: ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ரேடியோவில் ‘ங்ங்’ என்று ஏறுகிறது. நான் பேசும்போதும் அது போகிறதாம். செட் கெட்டுவிட்டதா?
– வாசகர், ஓசூர்

பதில்: செட் நன்றாகத்தான் இருக்கிறது. எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று பேட்டரியை ஏற்றும் கருவி) பாடுகிற பாட்டு, கரண்ட் வயர் வழியாக வருகிறது. டாஷ்போர்டுக்குள் எங்கேயோ சுரண்டி கரண்ட் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேட்டரிக்குப் போங்கள். எஞ்சின் வேகத்தோடு மாறாமல் ஒரே இரைச்சலாக இருந்தால் முதலில் போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பத்துக்கு எட்டுப் பேருக்கு நான் சொல்லும் வைத்தியம் அதுதான்.

கேள்வி: காரில் இதைப் பார்த்தால் போலீஸ் பிடிக்காதா?
– வாசகி, நாமக்கல்

பதில்: உரிமம் இருந்தால் பயமில்லை, அதன் நகலை டாஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள். நமக்கு அனுமதித்த 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் பேச்சு இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் ஆன்லைனில் ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்வது, பேசாவிட்டாலும் தப்பு. ஓட்டிக்கொண்டே மைக்கைக் கையில் பிடிப்பது வேறு கதை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. ‘இது போன் இல்லை சார்’ என்று வாதாடிப் பார்க்கலாம். நானாக இருந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசுவேன்.

கேள்வி: செல்போன் இருக்கும்போது இது எதற்கு? என் வீட்டுக்காரருக்கு நீங்களே சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அம்மா, குடும்பச் சண்டையில் என்னை இழுக்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்தார். வேறொரு வேலையாக, பொழுதுபோக்காக வானொலி அடிக்கத்தான் போயிருந்தார்கள். தீவுகளில் தொலைபேசித் தொடர்பு அறுந்த அந்த நாட்களில் பல செய்திகள் வெளியே வந்தது அவர்களுடைய செட்டுகள் வழியாக. கார் என்றால் பேட்டரியும் அதை ஏற்றுகிற எஞ்சினும் கூடவே இருக்கின்றன. மற்றபடி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காருக்குள் உட்கார்ந்து யாரிடமோ ‘இங்கே வெயில், அங்கே எப்படி’ என்று கேட்பதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. நானும் அதைத்தான் செய்கிறேன்.