பவண்டோ பாட்டிலின் வயதை எப்படிக் கணிப்பது?

கேள்வி: மதுரையில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறேன். கடையில் காட்சிக்கு வைப்பதற்காகப் பழைய பவண்டோ கண்ணாடி பாட்டில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ‘1916’ என்று அதில் இருப்பதால் நூறு வருடப் பழசு என்று சொல்லி, விற்பவர் பெரிய விலை கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வாங்க வேண்டாம். 1916 என்பது பழனியப்ப நாடார், பவண்டோவைத் தயாரிக்கும் காளிமார்க் நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்டே தவிர, பாட்டில் வார்க்கப்பட்ட ஆண்டு அன்று. பவண்டோ என்ற குளிர்பானமே 1950களின் பிற்பகுதியில்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே அந்தப் பெயர் தாங்கிய எந்த பாட்டிலும் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

நிறுவனம் பிறந்த ஊரின் வரலாறே உங்களுக்கு நல்ல துணை. 1916இல் அந்த ஊரின் பெயர் விருதுபட்டி. மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதையில் அமைந்து, பருத்தி, மிளகாய், எண்ணெய் வணிகத்தால் செழித்த அந்த ஊர் 1923இல்தான் விருதுநகர் ஆனது. எனவே தொடக்க காலப் பொருள் என்று யாரேனும் ‘விருதுநகர்’ என அச்சிட்ட லேபிளைக் காட்டினால், அது 1923க்குப் பிந்தையது என்று அங்கேயே சொல்லிவிடலாம். முகவரியில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் பெரும்பாலும் 1985க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் அதிலிருந்து தனி மாவட்டம் பிரிந்து, முதலில் காமராசர் பெயரைத் தாங்கி, 1997இல் விருதுநகர் மாவட்டம் என்றானது. மாநிலப் பெயர் தமிழ்நாடு எனில் 1969க்குப் பிந்தையது என்றும், 626001 போன்ற ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது என்றும் கொள்ளலாம். அவுன்ஸ் அளவு, மெட்ரிக் முறை பரவிய 1960களின் தொடக்கத்துக்கு முந்தைய காலத்தைச் சுட்டும். விலை ‘நயா பைசா’வில் இருந்தால் 1957–1964 காலம், இது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தால் கண்ணாடியைப் பாருங்கள். அச்சின் இணைப்புக் கோடு வாய் விளிம்பு வரை ஏறியிருந்தால் இயந்திரத்தில் வார்த்தது. விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்தது. கோலி சோடா பாட்டில் வேறு வகை: ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தின் மீது வாயுவின் அழுத்தம் கோலியை உள்ளிருந்து அழுத்தி அடைக்கும். ஊற்றும்போது கோலி உருண்டு வந்து வாயை மறைக்காமலிருக்க, கழுத்தில் இரு குழிவுகள் இருக்கும். கோலி இருப்பதாலேயே பழசு என்று எண்ணிவிடாதீர்கள். இவ்வகை பாட்டில்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

மூடியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கண்ணாடி பாட்டில்கள் கழுவப்பட்டுத் திரும்பத் திரும்ப நிரப்பப்படுபவை என்பதால், கண்ணாடி ஒரு காலத்தையும் மூடி வேறொரு காலத்தையும் சேர்ந்ததாக இருப்பது சகஜம்.

விற்பவரிடம் அடிப்புறம், வாய் விளிம்பு, முகவரி வரி மூன்றையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேற்சொன்ன அடையாளம் எதுவும் தெரியாவிட்டால், காட்சிக்கு அழகான பாட்டில் என்ற அளவுக்கு மட்டும் விலை பேசுங்கள்.