'மெட்ராஸ் ரோட்ஸ்' என்பது தெரு அல்ல

வணக்கம். 1850-களின் கப்பல் குறிப்பை மொழிபெயர்க்கும்போது, "மெட்ராஸ் ரோட்ஸில் நங்கூரமிட்டோம்" என்ற வரியில் எந்தத் தெரு என்று கேட்டிருந்தீர்கள். தெருவைத் தேட வேண்டாம், அது கடல்தான். துறைமுகத்துக்கு வெளியே, கரையை ஒட்டிக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கக்கூடிய நீர்ப்பரப்புக்கும் ஆங்கிலத்தில் 'ரோடு' என்றே பெயர். பெரும்பாலும் பன்மையில் வரும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஹாம்ப்டன் ரோட்ஸும் இப்படி ஒரு நீர்ப்பரப்புதான். சவாரியைக் குறிக்கும் 'ரைடு' என்ற சொல்லோடு பிறந்தது இந்த 'ரோடு'. நங்கூரத்தில் நிற்கும் கப்பலையும் 'ரைடு' செய்வதாகத்தான் மாலுமிகள் சொல்வார்கள்.

அன்று சென்னையில் செயற்கைத் துறைமுகமே கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். ஆணி இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் பலகைகள் வளைந்து கொடுக்கும், உடையாது. என்ன அருமையான தொழில்நுட்பம்! உங்கள் குறிப்பில் அடுத்த பக்கங்களில் இந்தப் படகு வருகிறதா பாருங்கள்.

மொழிபெயர்ப்பில் 'சென்னைக் கரையோர நங்கூரப் பகுதி' என்று எழுதலாம். 'சாலை' மட்டும் வேண்டாம்.