தூக்காதீர்கள், விழுந்த இடத்திலேயே தொடங்குங்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். திருவிழாவையொட்டி வருடாவருடம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். போன வருடம் மாலை நடந்த அரையிறுதியில் எங்கள் அணியின் 22 வயது விங்கர், பந்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. கை கால் வெட்டி இழுத்ததால் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தோம், முகத்தில் சோடாவைத் தெளித்தோம். நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடும்போதே கண் விழித்துவிட்டான். வெயிலில் சாப்பிடாமல் ஆடியதுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். இந்த வருடம் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்? இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவி வாங்கியே ஆக வேண்டுமா? நெஞ்சை அழுத்தி விலா எலும்பு உடைந்தால் கேஸ் வருமா? அந்தப் பையன் இந்த முறையும் ஆடத் துடிக்கிறான், ஆட விடலாமா?

பதில்: மாஸ்டர், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சாவிக்கொத்து அல்ல, சோடாவும் அல்ல. அவை எந்தப் பலனும் தராதவை, அவ்வளவுதான். உறுத்தியது அந்த "தூக்கிக்கொண்டு ஓடும்போதே" என்பதுதான். நம் ஊர்களில் ஒருவர் விழுந்தால் முதலில் செய்வது தூக்குவது. இதயம் நின்றுபோனவருக்கு அதுதான் எமனாகிவிடுகிறது. தூக்கிக்கொண்டு ஓடுபவர்களால் நெஞ்சை அழுத்த முடியாது. ஆட்டோவின் பின் சீட்டிலும் முடியாது. 2012-இல் பெங்களூருவில் ஒரு உள்ளூர் லீக் ஆட்டத்தில் விழுந்த இளம் வீரரை, மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லாததால் ஆட்டோவில்தான் கொண்டுபோனார்கள். அவர் பிழைக்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மாரடைப்பு வேறு, இதயத் துடிப்பு நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்பார், வியர்த்துக் கொட்டும். இன்னொன்று கார்டியாக் அரெஸ்ட். அதில் இதயத்தின் மின்சார ஓட்டம் தாறுமாறாகிறது, இதயம் துடிப்பதற்குப் பதில் வெறுமனே நடுங்குகிறது, மூளைக்கு ரத்தம் போவது சில நொடிகளில் நிற்கிறது. முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய வெட்டரன்ஸ் ஆட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். இளம் வீரர்களிடம் கதை வேறு: பிறவியிலேயே தடித்த இதயத் தசை, இடம் மாறிக் கிளம்பும் இதயத் தமனி, மின்னோட்டக் கோளாறுகள், வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் இதயத் தசை அழற்சி. 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோனில், கன்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியின் 72-வது நிமிடத்தில், யாரும் அருகில் இல்லாமலே சரிந்து இறந்த கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கு இருந்தது அந்தத் தடித்த தசைதான். வயது 28.

அடிபட்டும் இதயம் நிற்கலாம். நெஞ்சுக்கூடு நன்றாகவே இருக்கும், இதயத்திலும் காயம் இருக்காது. ஆனால் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில், ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில், பந்தோ முழங்கையோ இதயத்துக்கு நேராக இடித்தால் துடிப்பு குலைந்துவிடும். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில், அந்நாட்டுக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். ஆட்டத்தில், வீரர் டாமர் ஹாம்லினுக்கு நடந்தது அதுதான். எதிரணி வீரரை மடக்கினார், எழுந்து நின்றார், அப்புறம் மல்லாக்க விழுந்தார். 2004 டிசம்பரில் பெங்களூருவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம் உங்களுக்கே நினைவிருக்கும். கோவாவின் டெம்போ அணிக்கு ஆடிய பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், தன் இரண்டாவது கோலை அடித்த கையோடு கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். எழவே இல்லை.

சரி, மைதானத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஏமாற்றும் அறிகுறிகள் மூன்று, மூன்றுமே கூட்டத்தைத் தவறான பக்கம் திருப்பிவிடும். ஒன்று, வெட்டி இழுப்பது. மூளைக்கு ரத்தம் நின்றதும் கை கால்கள் சில நொடிகள் உதறும், பார்ப்பவர்கள் "ஃபிட்ஸ்" என்பார்கள். இரண்டு, கண் திறந்தே இருப்பது. பார்வை எங்கோ நிலைத்திருக்கும், ஆனால் விழித்திருக்கிறான் என்று நினைத்துவிடுவோம். மூன்றாவதுதான் மிக மோசம்: வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுப்பது. கரையில் போட்ட மீன் வாயைப் பிளப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறவர், அதே மாதிரிதான். பத்து நொடிக்கு ஒரு தடவை, குறட்டை போன்ற சத்தத்தோடு வரும். அது மூச்சு அல்ல. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று யாராவது கத்துவார்கள். அந்த வார்த்தையை நம்பி ஒதுங்கிய கைகளால்தான் பல உயிர்கள் போகின்றன.

ஆகவே உங்கள் ரெஃபரிகளுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள். மோதல் இல்லாமலோ நெஞ்சில் அடிபட்டோ ஒருவர் விழுந்து, தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லையென்றால், இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நாடி பிடித்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், பதற்றத்தில் நம் நாடியே நமக்குக் கேட்கும். மூச்சு சீராக இல்லையா, அழுத்தத் தொடங்குங்கள். பின்னால் அது வெறும் மயக்கம் என்று தெரிந்தால் பையன் "ஆ, வலிக்குது" என்று கையைத் தட்டிவிடுவான். அவ்வளவுதான் நஷ்டம். உண்மையான வலிப்பு என்றால் மூச்சு சீராகத் திரும்பும், வெப்பத் தாக்குதல் என்றால் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், உடம்பு அனலாகக் கொதிக்கும். அவருக்கு வேண்டியது ஐஸும் தண்ணீரும்.

இந்த இடத்தில் கோபன்ஹேகனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2021 ஜூன் 12, டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய யூரோ (ஐரோப்பியக் கோப்பை) ஆட்டம், முதல் பாதி முடியப்போகிறது. இடப்பக்கக் கோட்டருகே த்ரோ-இன். பந்தை வாங்க வந்த டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் தள்ளாடினார், பந்து அவர் காலில் பட்டு விலகியது, முகங்குப்புற விழுந்தார். ரெஃபரி அந்தோணி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவைக் கூப்பிட்டார். கேப்டன் சிமோன் கேயர் ஓடிவந்து உதவினார். பிறகு வீரர்கள் வட்டமாக நின்று, கேமராக்களுக்கு மறைப்பாகச் சுவர் கட்டினார்கள். கவனிக்க வேண்டியது இது: அணி மருத்துவர் மோர்டன் போசன் வந்து சேர்ந்தபோது எரிக்சனுக்கு மூச்சும் இருந்தது, நாடியும் இருந்தது என்று அவரே பின்னர் சொன்னார். சட்டென்று அது மாறியது. உடனே அழுத்தத் தொடங்கினார்கள், ஒரே ஷாக்கில் இதயம் திரும்பியது. முதலில் மூச்சு இருந்தது என்பதற்காக யாரும் கண்ணை எடுக்கவில்லை. ஆள் விழித்துக்கொண்டாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் அவர் முகத்தையும் நெஞ்சையும் விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது.

அழுத்தும் முறையை எழுதிப் புரியவைப்பது கஷ்டம், இருந்தாலும் சொல்கிறேன். நெஞ்சின் நடுவில், நடு எலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. தோளின் எடையை இறக்குங்கள். ஐந்து செ.மீ. ஆழம், ஆறைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும், பலரும் தவறவிடுவது இதைத்தான். மணலில் விழுந்தால் முதுகுக்குக் கீழே தரை அமுங்கி ஆழம் குறையும். அதற்காகத் தூக்கிப் போகாதீர்கள், இன்னும் அழுத்தமாக அழுத்துங்கள். பழக்கமில்லாதவர்கள் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், அழுத்தினாலே போதும். கடலில் மூழ்கியவரை எடுத்தால் மட்டும் கணக்கு வேறு, அவருக்கு மூச்சும் கொடுக்க வேண்டும். கடற்கரை ஊர் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை ஓய்ந்துவிடும், ஆழம் குறைவது அவருக்கே தெரியாது. ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். விலா எலும்பில் "கடக்" என்று ஒரு சத்தம் கேட்கலாம். பயிற்சியில் பொம்மையை அழுத்திப் பழகிய பையன்கள் நிஜத்தில் உறைந்துபோகும் இடம் அதுதான். நிறுத்தக் கூடாது. விலா கூடிவிடும். கேஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் காரியத்துக்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு பாதுகாப்பு தந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு தருகிறது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

ஏ.இ.டி. வாங்க வேண்டுமா? என் பதில்: ஆம், ஆனால் பரிசுக் கோப்பையைவிட முன்னதாக. அழுத்துவது நேரத்தை நீட்டிக் கொடுக்கும். குலைந்துபோன துடிப்பை நேராக்குவது பெரும்பாலும் ஷாக்தான். இரண்டும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஷாக் கொடுத்த இடங்களில் பாதிப் பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் திருவிழாக் கூட்டத்தையும் வளைவுப் பந்தலையும் தாண்டி அந்த நேரத்துக்குள் வருவதை நம்பித் திட்டம் போட முடியாது. விலை மாடலைப் பொறுத்து ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வரும். ஒரு ஊர் கிளப்புக்கு அது பெரிய தொகைதான். பங்குப் பேரவை, பள்ளி, படகு சங்கம் சேர்ந்து வாங்கி வருடம் முழுக்க ஊருக்கே பொதுவாக வைக்கலாம். முடியாவிட்டால் போட்டி நாட்களுக்கு மட்டும் ஏதாவது மருத்துவமனையிடம் இரவல் கேளுங்கள். கருவி அதுவே பேசும், இதயத்தின் ஓட்டத்தைப் பார்த்து ஷாக் தேவையா என்று அதுவே முடிவெடுக்கும், தேவையில்லாதவருக்குக் கொடுக்காது. வேர்த்த நெஞ்சைத் துண்டால் துடைக்க வேண்டும், கழுத்துச் செயினையும் சிலுவையையும் ஒதுக்க வேண்டும், ஜெர்சியைக் கத்தரித்துவிட வேண்டும். ஒரு துண்டும் கத்தரியும் பெட்டியோடு இருக்கட்டும். காருக்குள் வெயிலில் போட்டுவிடாதீர்கள், பேட்டரியும் ஒட்டும் பேடுகளும் காலாவதி ஆகும், தேதியை யாராவது பார்க்க வேண்டும். பூட்டிய அறையில் வைத்துச் சாவியைத் தேடுவதானால் வாங்கவே வேண்டாம்.

ஹாம்லின் பிழைத்ததில் அதிர்ஷ்டம் குறைவு, ஒத்திகை அதிகம். அந்த லீகில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி நேரம் முன்பு இரு அணி மருத்துவர்களும் நடுவர்களும் கூடி, ஒருவர் விழுந்தால் யார் என்ன செய்வது என்று பேசிவிடுகிறார்கள். உங்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டாம், டாஸ் போடும் முன் இரண்டு நிமிடம் போதும். அழுத்துபவர் யார், கருவியை எடுத்து ஓடுபவர் யார், 108-க்கு ஸ்பீக்கர் போட்டுப் பேசுபவர் யார், ரோட்டு முனையில் நின்று வண்டியைக் கூட்டி வருபவர் யார். பெயர் சொல்லி ஒப்படையுங்கள். "யாராவது போன் பண்ணுங்கப்பா" என்றால் எல்லாரும் போனை எடுப்பார்கள், வீடியோ எடுக்க. மைக் பிடிக்கும் அறிவிப்பாளர்தான் கூட்டத்தை வெளியே நிறுத்த வேண்டியவர், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி உள்ளே வரும் வழியில் மூங்கில் கேலரியோ ஜெனரேட்டரோ இருக்கக் கூடாது.

முன்கூட்டியே பரிசோதித்தால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈசிஜி உட்படப் பரிசோதனையைச் சட்டமாக்கியது. வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. பெரிய சாதனைதான். ஆனால் எரிக்சன் விழுந்தபோது அந்த இத்தாலியின் இன்டர் மிலான் வீரர். பரிசோதனை எல்லாரையும் பிடிக்காது. துடிப்பு குலைந்தால் தானே ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை நெஞ்சில் பதித்தவர் என்பதால் இத்தாலி விதிப்படி அங்கே ஆட முடியாமல் போய், 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டுக்கு ஆடினார். 2024 யூரோவில் கோலும் அடித்தார்.

இனி அந்த விங்கர். ஆட்டம் முடிந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவதற்கு நான் அதிகம் பயப்பட மாட்டேன். ஓட்டத்தின் நடுவில், யாரும் தொடாமல், எச்சரிக்கையே இல்லாமல் விழுவது வேறு. இதயம் சில நொடிகள் குலைந்து தானாகவே சரியாகியிருக்கலாம், அடுத்த முறையும் சரியாகும் என்று எந்த உறுதியும் இல்லை. சாப்பிடாததுதான் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன், ஏற்க வேண்டுமானால் ஈசிஜியும் எக்கோவும் பார்த்த இதய மருத்துவர் சொல்லட்டும். அவர் ட்ரெட்மில் சோதனையும் கேட்கலாம். போகும்போது வீட்டில் ஒன்று விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்: ஐம்பது வயதுக்கு முன் திடீரென்று இறந்த சித்தப்பா, மாமா, அண்ணன் யாராவது உண்டா, நீச்சல் தெரிந்தும் அமைதியான தண்ணீரில் மூழ்கிப்போனவர் உண்டா என்று. மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை டீம் ஷீட்டில் அவன் பெயர் வேண்டாம். மனசு கேட்காமல் லைன்ஸ்மேன் கொடியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் ஓட்டம்தான். ஸ்கோர் எழுதும் மேசையில் உட்காரட்டும், ஏ.இ.டி. பெட்டியும் அந்த மேசைக்கு அடியிலேயே இருக்கட்டும்.