காரில் மீன் வாடை ஒட்டிக்கொண்டால் எப்படிப் போக்குவது?

மீன் வாங்கி வந்த கார் ஒரு வாரமாக நாறுகிறது, சென்ட் பாட்டில் வைத்தும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தச் சென்ட்டை எடுத்து வெளியே வையுங்கள். நானும் வைத்துப் பார்த்தவன்தான். சாளை மீனுக்கு மல்லிகைப்பூ சூட்டிய மாதிரி ஆகிவிட்டது.

போன ஐப்பசியில் குளச்சலில் ஐந்து கிலோ சாளை வாங்கி, இரண்டு பை போட்டுக் கட்டி, டிக்கியில் வைத்து நாகர்கோவிலுக்கு வந்தேன். வீட்டில் இறக்கும்போதுதான் பை ஒழுகியிருப்பது தெரிந்தது. விரிப்பைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன், சோடா உப்பு தூவினேன். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் அதே நாற்றம். கடைசியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தால், அடிக்குழியில் ஒரு தம்ளர் அளவுக்குக் கலங்கல் வெள்ளம். ஓரத்தில் இரண்டு செதில்கள் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தன! அதனால் நீங்களும் அங்கே பாருங்கள், விரிப்போடு நிறுத்திவிடாதீர்கள்.

சோடா உப்பு ஏன் கைகொடுக்கவில்லை? மீன் கெடும்போது உண்டாகி நாற்றத்தைத் தரும் ட்ரைமெத்திலமின் காரத்தன்மை கொண்டது, சோடா உப்பும் அப்படித்தான். அமிலம் பட்டால்தான் அந்த ட்ரைமெத்திலமின் காற்றில் கிளம்பாத உப்பாக மாறித் தண்ணீரோடு போகும். மீன் வெட்டிய கையில் அம்மா புளி தேய்ப்பதும் இதற்குத்தான். காரில் புளி தேய்த்தால் கறை பிடிக்கும், வெள்ளை வினிகர் போதும். சம அளவு தண்ணீர் கலந்து, ஓர் ஓரத்தில் தொட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் துடையுங்கள். அப்புறம் பச்சைத் தண்ணீரில் இன்னொரு முறை. பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம், வினிகரோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். சோடா உப்பை, குழந்தை பால் கக்கிய சீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளித்த பாலின் வாடை அமில வகை, அதற்கு இது கேட்கும்.

இனி காயவைப்பதுதான் பெரும்பாடு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, வெயிலை நம்பி இருக்க முடியாது. விரிப்பின் மேல்துணி காய்ந்தாலும் அடியில் இருக்கும் பஞ்சு ஈரமாகவே கிடக்கும். நான் விரிப்பை வெளியே எடுத்து, வீட்டு மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் போட்டேன்.

ஏசி போட்டதும் முதல் நிமிடம் மட்டும் பூஞ்சை நாற்றம் வந்தால் அது மீன் இல்லை. பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும், மாற்றிவிடுங்கள். வீடு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

காரில் ஒட்டுப்பால் (ரப்பர் மரத்தில் உறைந்த பால்) ஏற்றியிருந்தால் சொல்லுங்கள், அந்த நாற்றம் தனிக்கதை.

இப்போதெல்லாம் குளச்சல் போகும்போது மூடி போட்ட பெயின்ட் வாளி ஒன்று என்னோடு வருகிறது.