இலையுதிர் காலத்தில் பாஸ் மீன் எங்கே போய்விடுகிறது? எப்படிப் பிடிப்பது?

டல்லாஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். கோடை முழுக்க ஏரிக்கரையில் கிடைத்த பாஸ் மீன் அக்டோபரில் அதே இடத்தில் சிக்கவே மாட்டேன் என்கிறது, தூண்டில் இரையை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரையை அப்புறம் பார்க்கலாம். முதலில் இடத்தை மாற்றுங்கள்.

நானும் வட டெக்சாஸில்தான் இருக்கிறேன். இந்தப் பக்கத்து ஏரிகளில் பாஸ் என்றால் பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ்தான். குணத்தில் நம்ம ஊர் விரால் மாதிரி: புல்லிலோ கட்டையோரமோ அசையாமல் நின்று, கிட்டே வந்ததை ஒரே பாய்ச்சலில் விழுங்கும். ஊரில் விராலுக்குத் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் போக்கு சீக்கிரம் பிடிபட்டுவிடும். இலையுதிர் காலத்தில் மட்டும், நின்ற இடத்தில் காத்திருப்பதைக் குறைத்துக்கொண்டு இரைக்குப் பின்னாலேயே அலைய ஆரம்பிக்கிறது.

அந்த இரை ஷேட் என்னும் சின்ன வெள்ளி மீன். விரல் நீளம்தான் இருக்கும், பெருங்கூட்டமாகத் திரியும். இரவுகள் குளிரத் தொடங்கியதும் இந்தக் கூட்டம் ஏரியின் நடுப்பகுதியை விட்டு, ஓடைகள் வந்து கலக்கிற, கைபோல் நீண்ட ஒடுக்கமான பகுதிகளுக்குள் நுழைகிறது. பாஸும் பின்னாலேயே போகிறது. அதனால் இந்தப் பருவத்தில் நான் பாஸைத் தேடுவதே இல்லை, ஷேட் எங்கே என்றுதான் பார்க்கிறேன். காற்றில்லாத காலையில் நீர்மட்டத்தில் தூறல் விழுவதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். கொக்கு, நாரை வகைகள் ஓடை முகப்பில் வரிசையாக நிற்கும். இரண்டும் கண்ணில் படாவிட்டால் அந்த இடத்தில் நேரத்தைப் போக்காமல் அடுத்த ஓடைக்குப் போய்விடுவேன்.

அக்டோபரில் உங்களுக்கு மீன் கிடைக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கோடையில் ஆழமான ஏரியில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கும். மேலே வெதுவெதுப்பான நீர், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோன குளிர்ந்த நீர். குளிர் காற்று வீசி மேல்நீர் ஆற ஆற அது கனமாகிக் கீழே இறங்கும், கடைசியில் இரண்டும் கலந்துவிடும். அந்த நாட்களில் தண்ணீர் பழுப்பேறிக் கலங்கியிருக்கும், அடியில் மக்கிக் கிடந்த குப்பை மேலே மிதக்கும், சில இடங்களில் அழுகிய முட்டை வாடைகூட வரும். மீன் நாலா பக்கமும் சிதறிவிடும். பலர் இந்த நேரத்தில் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள், அது தேவையில்லை. ஓடையின் தலைப்பகுதியில் ஆழமே கிடையாது, அங்கே பிரிய அடுக்கும் இல்லை, கலக்க எதுவும் இல்லை. நேராக அங்கே போங்கள்.

சரி, இரைக்கு வருவோம். ஷேட் அளவுக்கும் நிறத்துக்கும் ஒத்துப்போவதாக இருந்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது லிப்லெஸ் கிராங்க்பெயிட், உள்ளே குண்டுகள் குலுங்குகிற தட்டையான செயற்கை மீன். நீருக்குள் வளர்ந்திருக்கும் புல்லின் நுனியை உரசிக்கொண்டு போகிற வேகத்தில் அதை இழுக்க வேண்டும். புல்லில் மாட்டும், மாட்டத்தான் வேண்டும். தங்கூசி விறைப்பதைக் கையில் உணர்ந்ததும் கழியை ஒரு சுண்டு சுண்டினால், புல்லைப் பிய்த்துக்கொண்டு மீன் தப்பி ஓடுவதுபோல் அது துள்ளும். பாஸ் பெரும்பாலும் அந்த நொடியில்தான் கவ்வும். மேகமூட்டமும் காற்றும் இருந்தால் ஸ்பின்னர்பெயிட், அதாவது இழுக்கும்போது தகடு சுழல்கிற செயற்கை இரை, நன்றாக வேலை செய்யும். காற்று மோதுகிற கரையில் நில்லுங்கள். ஷேட் தின்கிற மிதவை உயிரிகளைக் காற்று அங்கேதான் ஒதுக்குகிறது.

கோடைபோல் விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை. அக்டோபர் கடைசி வாக்கில் மதிய வெயிலில்கூட நன்றாகக் கடிக்கும்.

லைசென்ஸைப் பாருங்கள். டெக்சாஸில் வழக்கமான ஆண்டு லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும், ஜூனில் வாங்கியிருந்தாலும் புதிதாக வாங்க வேண்டும். மாநிலப் பூங்காவின் எல்லைக்குள் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. ரே ராபர்ட்ஸ் ஏரிப் பூங்கா உங்களுக்குப் பக்கம்தான். பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. டல்லாஸுக்குக் கிழக்கே ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதைத் திரும்ப விட்டுவிட வேண்டும். இந்தக் கண்டிப்பை நான் மனதார ஆதரிக்கிறேன். டெக்சாஸின் சாதனை லார்ஜ்மவுத், 18.18 பவுண்டு, 1992-இல் அங்கேதான் சிக்கியது. பெரிய மீன் இருக்க வேண்டுமானால் நடுத்தர மீன் பிழைத்து வளர வேண்டும்.

விடுவதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். கையை நனைத்துக்கொண்டு, கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடியுங்கள். பல் மணல்தாள்போல் சொரசொரப்பாக இருக்கும், கடித்துக் கிழிக்காது. பெரிய மீனானால் வயிற்றுக்கு அடியில் இன்னொரு கையைக் கொடுங்கள், உதட்டில் மட்டும் தொங்கவிட்டால் தாடை பாதிக்கும்.

நவம்பர் கடைசியில் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்ததும் ஷேட் மறுபடி ஆழத்துக்கு இறங்கும், பாஸும் கூடவே போகும். அப்போது ஓடை வாய்க்கு வெளியே இருக்கும் ஆழமான திருப்பங்களில், ஜிக்கை, அதாவது ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளை, ஏரியின் அடித்தரையை ஒட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள்.