அடைப்புக்குறிக்குள்ள எழுதின வரி

அன்புள்ள அண்ணா,

ஓ.எம்.ஆர்ல ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்குறேன். கொஞ்ச மாசமா ஹெச்.ஆர்ல எல்லாருக்கும் ஒரு மெடிடேஷன் ஆப் ஃப்ரீயா குடுத்திருக்காங்க, புதன்கிழமை மதியம் இருபது நிமிஷம் ஜூம்ல மைண்ட்ஃபுல்னஸ் செஷனும் உண்டு. (எங்க டீம்ல ஒன்பது பேர் இருந்தோம், இப்ப ஆறு பேர், வேலை அதே தான், யு.எஸ் கால் முடிய ராத்திரி பதினொண்ணு ஆகிடும், எல்லாரும் ஸ்ட்ரெஸ்னு சொன்னதால இத ஆரம்பிச்சாங்க.) எனக்கு பிரச்சனை என்னன்னா, மூச்ச கவனிக்க ஆரம்பிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ட்ரெயினர் "அதையும் ஜட்ஜ் பண்ணாம பாருங்க"ங்கிறார். கூட வேலை பாக்குற ஒருத்தர் இது பௌத்தத்துலேர்ந்து திருடினது, மதத்த உரிச்சுட்டு சரக்க மட்டும் விக்கிறாங்கன்னு சொல்றார். மாமியார் அதுக்கு பூஜை ரூம்லயே உக்காரலாமேங்கிறாங்க. ஆப்ல மூளையே மாறும்னு போட்டிருக்கு. நான் தப்பா பண்றேனா? தொடரட்டுமா, விட்டுடட்டுமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த மாதிரி கடிதத்துக்கெல்லாம் மெயில்லயே ரெண்டு வரி போட்டு முடிச்சுக்குவேன். ஆனா எங்க பெரியப்பா போனதுலேர்ந்து இதே விஷயம் தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு, அதனால இங்கயே எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு திட்டு. கடிதத்துலயே முக்கியமான வரிய ஏம்மா அடைப்புக்குறிக்குள்ள போட்டீங்க? ஒன்பது பேர் வேலைய ஆறு பேர் பாக்குறீங்க, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் பாக்குறீங்க, அத போற போக்குல சொல்லிட்டு அடுத்த வரில "எனக்கு பிரச்சனை என்னன்னா"ன்னு ஆரம்பிக்கிறீங்க. பிரச்சனைய தான் மேல சொல்லிட்டீங்களே! இதுக்கு அப்புறம் வர்றேன்.

சில்லறை விஷயத்தெல்லாம் முடிச்சுடலாம். மூளை மாறும்ங்கிறது 2011ல வந்த ஒரு ஆராய்ச்சிய வச்சு எல்லாரும் சொல்றது, எட்டு வாரம் பயிற்சி எடுத்தவங்களுக்கு மூளைல சில இடங்கள் அடர்த்தியாச்சுன்னு. பயிற்சி எடுத்தவங்க மொத்தமே 16 பேர். 2022ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல இருநூறு பேருக்கு மேல வச்சு திரும்பப் பாத்தாங்க, மூளை அமைப்புல ஒண்ணும் மாறின மாதிரி தெரியல. ஆப்காரன் மொத நியூஸ படிச்சதோட நிறுத்திக்கிட்டான் போல. மாமியார் சொல்றதும் நல்ல யோசனை தான், பூஜை ரூம்ல உக்காந்திருக்கும்போது யாரும் "அந்த ஃபைல் எங்க"ன்னு கேக்க மாட்டாங்க.

திருட்டுன்னு சொல்ற அந்த ஆபீஸ் நண்பர் இருக்காரே, அவர மாதிரி ஆளுங்க எனக்கும் நிறைய எழுதுறாங்க. அமெரிக்காக்காரன் பழம்பெரும் தியானத்த தூக்கிட்டுப் போய் மதத்த உரிச்சு வித்துட்டான்னு. வித்தான், வாஸ்தவம் தான், ஆனா உரிக்க ஆரம்பிச்சது அவன் இல்ல. 1885ல வெள்ளைக்காரன் பர்மா தலைநகர் மாண்டலேய புடிச்சு அந்த நாட்டு திபா ராஜாவ கப்பல் ஏத்தி கடைசில நம்ம ரத்னகிரில கொண்டுவந்து வச்சான். மடங்களுக்கு காவல் இருந்த ராஜாவே போயிட்டார், இனிமே பிக்குகள மட்டும் நம்பிக்கிட்டிருந்தா தர்மம் நிக்காதுன்னு லெடி சயாடோங்கிற பிக்கு ஊர் ஊரா போய் குடும்பஸ்தனுங்களுக்கு அபிதம்மம்ங்கிற பௌத்த தத்துவமும் தியானமும் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சார். அதுக்கு முன்னாடி பர்மாவுல சாதாரண ஜனங்க பிக்குவுக்கு சோறு போடுவாங்க, பகோடாவுக்கு போய் கும்பிடுவாங்க, கண்ண மூடி மணிக்கணக்குல உக்கார்றதெல்லாம் நம்ம வேலைன்னு நினைச்சதே இல்ல. லெடி சயாடோவோட சிஷ்யர் சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவர்கிட்ட 1937ல கத்துக்கிட்டவர் ஒரு கணக்கு ஆபீஸ் ஆளு, பேரு ஊ பா கின்.

இந்த மனுஷன பத்தி பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன். நம்ம தேனாம்பேட்டைல கவர்மென்ட் கணக்கு பாக்குற ஏ.ஜி ஆபீஸ் இருக்குல்ல, அந்த மாதிரி ரங்கூன் ஆபீஸ்ல கிளார்க்கா சேந்து படிப்படியா மேல வந்து, பர்மா சுதந்திரம் வாங்கின அதே 1948 ஜனவரி 4ஆம் தேதி நாட்டோட அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். காவி கட்டல, மடம் ஏறல, பொண்டாட்டி புள்ளைங்களோட இருந்தார். ஆபீஸ்லயே ஒரு ரூம் ஒதுக்கி கீழ வேலை பாக்குறவங்களுக்கு விபஸ்ஸனாங்கிற அந்த தியானத்த சொல்லிக்குடுத்தார், 1952ல ரங்கூன்ல தனியா மையம் கட்டினார். ஆக ஆபீஸ்ல தியானம்ங்கிறது கலிஃபோர்னியால முளைச்ச ஐடியா இல்லம்மா, கூகுள்ல ஒரு இன்ஜினியர் 2007ல கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே கவர்மென்ட் ஆபீஸ்ல நடந்த கூத்து.

ஆனா நான் பிடிச்சுக்கிட்டு தொங்குற விஷயம் வேற. அங்க பாஸ் தான் மொதல்ல உக்காந்தார். உக்காந்ததோட விடல, ஆபீஸ சரி பண்ணினார். அரிசி கொள்முதல் பண்ற ஒரு அரசு வாரியம் ஊழல்ல முங்கிக் கிடந்துச்சு, பிரதமர் ஊ நு இவர அதுக்கு தலைவரா போட்டார், இவர் வந்தா பிழைப்பு போயிடும்னு அதிகாரிங்க ஸ்ட்ரைக்ல உக்காந்தாங்க, இவர் கிளார்க்குங்கள வச்சே வேலைய ஓட்டினார், வாரக்கணக்குல பாத்துட்டு அவங்களா திரும்பி வந்தாங்க. ஸ்ட்ரைக்னா கண்ண மூடிட்டு கொடி பிடிக்கிற எனக்கே இந்த ஒரு ஸ்ட்ரைக்ல ஏ.ஜி பக்கம் தான் மனசு. அவரோட வகுப்புல மொத நாளே சீலம், பொய் சொல்லாதே திருடாதேன்னு அஞ்சு உறுதிமொழி, அதுக்கப்புறம் தான் மூச்சு. உங்க ஜூம் செஷன்ல கழட்டி விட்டது புத்தர இல்ல, இத தான். யாரும் யாரையும் "நீ எப்படி சம்பாதிக்கிற, கீழ இருக்கிறவன எப்படி நடத்துற"ன்னு கேக்குறதில்ல, நேரா மூச்சுக்கு போயிடுறாங்க.

அதுக்காக இத மைண்ட்ஃபுல்னஸ்னு அமெரிக்க ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டுபோன கபாட்-சின்ன திட்டுவேன்னு நினைக்காதீங்க, அங்க தான் பெரியப்பா வர்றார்.

ஜான் கபாட்-சின் எம்.ஐ.டில மூலக்கூறு உயிரியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவர். 1979ல மாசசூசெட்ஸ்ல வூஸ்டர்ங்கிற ஊர்ல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில ஒரு கிளினிக் ஆரம்பிச்சார். டாக்டர்கள் கிட்ட அவர் கேட்டது, உங்களால இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்கிற நோயாளிங்கள எனக்கு அனுப்புங்கன்னு தான். முதுகுவலி, தலைவலி, கழுத்துவலின்னு ஆபரேஷனும் பாத்து மாத்திரையும் தின்னு ஓஞ்சு போனவங்க. 1982ல அவர் போட்ட மொத கட்டுரைல 51 பேர், அத்தனை பேரும் நாள்பட்ட வலிக்காரங்க. புத்தர் பேச்சு வந்தா ஆஸ்பத்திரில வெளிய தள்ளிடுவாங்கன்னு வேணும்னே தான் அந்தப் பேச்ச எடுக்கல. பா கின் இத ஒத்துக்கிட்டிருப்பாரான்னு தெரியாது, ஏன்னா 1955ல மைக்ரேனுக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கிட்டிருந்த ஒரு மார்வாடி வியாபாரி தலைவலி போகணும்னு அவர்கிட்ட வந்தப்போ, இது தலைவலி மருந்தில்ல போய்யான்னு அனுப்பிட்டார். அந்த வியாபாரி தான் கோயங்கா, திரும்ப வந்து சரியா கேட்டு கத்துக்கிட்டு 1969ல இந்தியாவுக்கு கொண்டுவந்தார், திருமுடிவாக்கத்துல இருக்கிற மையமெல்லாம் அந்த வழி தான். இந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு குருவ விட கபாட்-சின்ன பிடிக்கும். வலியோட வந்தவன திருப்பி அனுப்பக்கூடாது.

பெரியப்பா மின்வாரியத்துல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபது தாண்டினப்புறம் விலாவுல அக்கி வந்துச்சு. ஊர்ல குயவர் கிட்ட காவில அக்கி எழுதிக்கிட்டார், டாக்டர் கிட்டயும் போனார், கொப்புளமெல்லாம் காஞ்சுடுச்சு, வலி மட்டும் போகல. நரம்புலயே தங்கிடுற வலி அது. சட்டை பட்டா நெருப்பு, ஃபேன் காத்து பட்டா நெருப்பு, துண்ட கைல புடிச்சு உடம்புல படாம ஒரு விரல் தூக்கி வச்சுக்கிட்டே திண்ணைல உக்காந்திருப்பார். மாத்திரை போட்டா தலை சுத்தி விழுறார். டாக்டர் "பழகிக்கங்க"ன்னுட்டார்.

நான் போய் பாடி ஸ்கேன் ஆடியோவ, அதாவது உடம்ப ஒவ்வொரு இடமா கவனிச்சுக்கிட்டே வர்ற கபாட்-சின்னோட பயிற்சிய, போனில் போட்டேன், அது இங்கிலீஷ், அதனால பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவேன். கபாட்-சின் முறைல இடது கால் கட்டைவிரல்ல தான் ஆரம்பம், பா கின் கோயங்கா வழில உச்சந்தலைலேர்ந்து வரும். பெரியப்பாவுக்கு கோவம் வந்துடுச்சு, "வலி விலாவுலடா, இவன் என்ன கட்டைவிரல்ல ஆரம்பிக்கிறான், கம்பத்துல ஃபால்ட்டுன்னா ட்ரான்ஸ்பார்மர்லேர்ந்தா பாக்குறது"ன்னார், அப்புறம் அவரே "ஆமா, அங்கேர்ந்து தான பாக்கணும்"ன்னு சொல்லிட்டு படுத்துக்கிட்டார். விலாவுக்கு வர அரைமணி நேரம் ஆகும். மொத வாரமெல்லாம் முழங்கால் தாண்டுறதுக்குள்ள குறட்டை. போகப் போக விலா கிட்ட வரும்போது தாடை இறுகுறத அவரே கவனிச்சு தளர்த்திக்க ஆரம்பிச்சார். ஒருநாள் காபி குடிச்சுக்கிட்டே சாதாரணமா சொன்னார், "வலி அது பாட்டுக்கு இருக்குடா. ஆனா நாளைக்கும் இருக்குமேன்னு ஒரு வலி இருந்துச்சு பாரு, அத காணோம்." வலி குறைஞ்சுதான்னு கேட்டா கடைசி வரைக்கும் இல்லன்னு தான் சொன்னார். ஆனா சட்டை போட்டுக்கிட்டு பேத்தி கல்யாணத்துக்கு வந்தார்.

அதனால யாராவது இத சும்மா அமெரிக்க ஏமாத்துன்னு சொன்னா எனக்கு சுர்ருன்னு வரும். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு இதே வழில ஒரு எட்டு வாரப் பயிற்சி இருக்கு, இங்கிலாந்துல அரசு மருத்துவ வழிகாட்டுதல்லயே 2004லேர்ந்து சேத்திருக்காங்க. அதே இங்கிலாந்துல 85 பள்ளிக்கூடத்துல எட்டாயிரத்துக்கு மேல புள்ளைங்கள வச்சு பாத்தப்போ வழக்கமான பாடத்த விட ஒண்ணும் அதிகமா கிடைக்கல, 2022ல முடிவு வந்துச்சு. யாருக்கு எதுக்குன்னு பாக்காம எல்லாருக்கும் ஊத்தினா அப்படித்தான்.

இப்ப உங்க அடைப்புக்குறிக்கு வாங்க. பெரியப்பாவோட நரம்பு வலிய எந்த மேனேஜரும் ஒரு மெயில் போட்டு நிறுத்த முடியாது. உங்க வலிய முடியும். மூணு பேர வேலைக்கு எடுத்தா போச்சு, எடுக்கல, இல்ல அந்த யு.எஸ் போன் கால ராத்திரி ஒன்பதரையோட நிறுத்தினா போச்சு, நிறுத்தல. அதுக்கு செலவாகும், ஆப்புக்கு தலைக்கு கொஞ்சம் காசு தான். தீர்க்க முடியாத வலிக்காரனுக்கு கண்டுபிடிச்ச ஒண்ண எடுத்து தீர்க்கக்கூடிய வலிக்கு போட்டு, தீர்க்கவேண்டியவன் நைசா எழுந்து போயிடுறான், என் ஆத்திரம் அது மட்டும் தான், மதமாவது மண்ணாங்கட்டியாவது. 2021 மே மாசம் அமேசான்காரன் ஒரு வீடியோ போட்டான், குடோன்ல பார்சல் எடுத்து ஓடுறவங்க நடுவுல போய் உக்காந்து மனச அமைதிப்படுத்திக்க ஒரு பெட்டி, ஆள் ஒருத்தர் நுழையிற அளவு, உள்ள செடி, சின்ன ஃபேன், தியான வீடியோ ஓட ஒரு கம்ப்யூட்டர். பேரு அமாஸென்னாம். உலகமே சிரிச்சதுல வீடியோவ தூக்கிட்டான். உங்க புதன்கிழமை செஷன் அந்தப் பெட்டிய விட கொஞ்சம் பெருசு, அவ்வளவு தான் வித்தியாசம்.

ஸ்ட்ரெஸ்னு நீங்க எல்லாரும் சொன்னப்போ உங்க மேலிடம் அத உங்களுக்குள்ள இருக்கிற கோளாறா மாத்திடுச்சு, நீங்களும் ஒத்துக்கிட்டு "நான் தப்பா பண்றேனா"ன்னு என்கிட்ட வந்து கேக்குறீங்க. கோவம் வருதும்மா, உங்க மேலயும் தான். அடுத்த புதன்கிழமை ஒண்ணே ஒண்ணு கேளுங்க, உங்க டெலிவரி ஹெட் இந்த செஷனுக்கு வர்றாரா? ஊ பா கின் வந்தார். வர்றார்னா சந்தோஷம், அங்கயே அந்த மூணு பேர் விஷயத்தையும் கேளுங்க. தனியா கேக்காதீங்க, ஆறு பேரும் சேந்து கேளுங்க, தனியா கேட்டா உங்களுக்கு இன்னொரு ஆப் குடுப்பாங்க.

படபடப்பு விஷயத்த மறந்தே போயிட்டேன் பாருங்க. தப்பா பண்ணலம்மா. மூச்ச உத்துப் பாத்தா சிலருக்கு பதட்டம் கூடும், பிரவுன் பல்கலைக்கழகத்துல வில்லோபி பிரிட்டன்னு ஒரு பேராசிரியை தியானம் பண்றவங்களுக்கு வர்ற இந்த மாதிரி தொந்தரவுகளயே வருஷக்கணக்கா சேகரிச்சு 2017ல கட்டுரையா போட்டாங்க, பயம், தூக்கம் கெடுறதுன்னு நிறைய. "ஜட்ஜ் பண்ணாம பாருங்க"ன்னு சொன்ன உங்க ட்ரெயினருக்கு இது தெரிஞ்சிருக்கணும். இப்போதைக்கு மூச்ச விடுங்க. உக்காரணும்னு ஆசை இருந்தா கண்ண தொறந்து வச்சுக்கிட்டு பாதம் தரைல படுறத பாருங்க, இல்ல நடங்க, இல்ல ஒண்ணும் வேண்டாம், தூங்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு டாக்டர பாத்து தைராய்டும் ஹீமோகுளோபினும் டெஸ்ட் பண்ணிடுங்க, தேவைன்னா ஈ.சி.ஜியும் எடுத்துடுங்க, நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு ரத்தம் இல்லாமலும் படபடப்பு வரும், அதுக்கு எந்த ஆப்பும் வேலைக்காகாது. ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்க, இந்த தடவ அடைப்புக்குறி போடாம.

அன்புடன்,
அண்ணன்